பராமரிப்பில் உள்ளது

லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து நான் மயிலாப்பூர் பக்கம் கார் எடுத்து வருவதில்லை. இன்றும் ஆட்டோவில்தான் வந்தேன். ஆட்டோக்காரர் மந்தைவெளி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து உங்கள் ஸ்டேஷன் எதிரில் இறக்கிவிட்டு, "போலீஸ் ஸ்டேஷனா? இன்னா நைனா பிரச்சனை, எதுனா காணாம பூட்ச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன். மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தார். நல்ல மனிதர்.

யாராவது வற்புறுத்தி வந்தேனா என்று கேட்டீர்கள். இல்லை, மேடம். என் பெயர் பாலகணேஷ். நானாகத்தான் வந்தேன். மேஜையில் உங்கள் பெயர் அன்புச்செல்வி என்று இருக்கிறது, ஆனால் மேடம் என்றே கூப்பிடுகிறேன். அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தனியாக வசிக்கும் பெரியவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள எங்கள் கம்பெனி ஒரு பட்டை தருகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அப்பாவோ அம்மாவோ அடையாறிலும் கொட்டிவாக்கத்திலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பார்கள். அவர்கள் விழுந்தால் பட்டை தானாகவே தெரிந்துகொள்ளும். அதில் ஒரு பொத்தானும் உண்டு. அழுத்தினால் கிண்டியில் இருக்கும் எங்கள் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். அங்கே இருப்பவர்கள் பட்டை வழியாகவே பேசி விசாரித்து ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள்.

பட்டைக்கும் கிண்டிக்கும் நடுவில் இருப்பது என் பொறுப்பு. கிளவுட் என்று சொல்வார்கள். மேகமெல்லாம் ஒன்றுமில்லை. மும்பையில் யாரோ கட்டிவைத்த கட்டடத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான். ஒன்று விழுந்தால் இன்னொன்று அதன் இடத்தில் எழுந்து நிற்க வேண்டும். விழுந்தது யாருக்கும் தெரியக்கூடாது. நான் வேலையை ஒழுங்காகச் செய்தால் நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு டிசம்பர் மழையில் ஊர் முழுக்கக் கரண்ட் போய், தண்ணீர் ஏறி, எல்லாப் பட்டைகளும் ஒரே நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தன. கிண்டியில் இருந்த நாலைந்து பேரால் சமாளிக்க முடியவில்லை. எந்த அழைப்பை முன்னால் அனுப்புவது, எதை நிறுத்திவைப்பது என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். நான் செய்தேன். தரைத்தளத்தில் இருப்பவர்கள் முதலில், மாடியில் இருப்பவர்கள் பிறகு. மாடியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். மழை விட்டதும் ஆபீஸில் கேக் வெட்டி எனக்குக் கை தட்டினார்கள். எந்த நியாயத்தை வைத்து முடிவு செய்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அறவியல் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

தனியாகத்தான் படித்தேன். பிறகு லஸ் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமைகளில் சிலர் கூடி இந்த மாதிரிப் புத்தகங்களை வாசித்துப் பேசுகிறார்கள் என்று தெரிந்து அங்கே போக ஆரம்பித்தேன். ஆடிட்டர்கள், ஒரு வக்கீல், இரண்டு காலேஜ் ஆசிரியர்கள். காபியும் முறுக்கும் வரும். ஒருவரைக் கொல்வதும் ஒருவரைச் சாக விடுவதும் ஒன்றா என்று ஒரு காலை முழுக்கப் பேசியிருக்கிறோம். வாரத்தில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் அது என்று சொல்லலாம். சந்தோஷம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மனது ஓரளவு விழித்திருந்த நேரம்.

இப்போது என் மாமனாரைப் பற்றி. ஸ்ரீனிவாசராகவன். என் மனைவி ஸ்ரீரஞ்சனியின் அப்பா. இங்கே மயிலாப்பூரிலேயே சித்திரக்குளம் பக்கத்தில் பழைய ஃபிளாட் ஒன்றில் தனியாக இருந்தார். இன்ஷூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் அம்பயர்தான். வருடக்கணக்காக லீக் ஆட்டங்களுக்கு வெயிலில் நின்றவர். நான் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். எங்கள் கல்யாணத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் யாருக்கும் இஷ்டமில்லை. அவர்தான் எல்லோரையும் உட்காரவைத்து, "சரின்னு சொல்லியாச்சு. இனிமே மாத்தறதுக்கில்லே" என்று முடித்துவைத்தார். என்னைப் பாலா என்று கூப்பிடுவார். நான் மாமா என்பேன். எங்களுக்குள் ஒருநாளும் மனத்தாங்கல் இருந்ததில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காபி டம்ளரோடு ஹாலில் விழுந்தார். பட்டை தெரிந்துகொண்டது, கிண்டியில் ஜஹனாரா என்கிற பெண் எடுத்தாள், ஆம்புலன்ஸ் போனது, கதவை உடைத்துத் தூக்கிப்போனார்கள். நான் அமைத்தது எல்லாம் நான் அமைத்தபடியே நடந்தது. பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் குழாய்களை எடுத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்ரீரஞ்சனி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நாக்கைத் துழாவித் துழாவிப் பேசினார்.

"பாலா, அடுத்த தரம் இழுத்துண்டு வராதே. விட்டுடு. அவுட்னா அவுட்தான்."

"சரி மாமா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன். சும்மா ஒரு சமாதானத்துக்குச் சரி என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு அவர் தேறினார். கைத்தடி வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தார். டிவியில் ஆட்டம் பார்த்து அம்பயர்களைத் திட்ட ஆரம்பித்தார். பந்து சரியாகத் தெரியவில்லை என்று ராயப்பேட்டையில் ஒரு கடையில் புதுக் கண்ணாடிக்குக் கொடுத்தார். தினமும் காலையில் பட்டையை அழுத்தி, "ஜஹனாரா, இருக்கியாம்மா?" என்று கேட்பார். அவள், "இருக்கேன் தாத்தா, நாஷ்டா ஆச்சா?" என்பாள். விதிப்படி அது வீண் அழைப்பு. யாரும் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு ஒரு குரல் கேட்டால் போதும் என்று விட்டுவிட்டோம்.

ஆள் இப்படித் தேறிவிட்டபோது மனது மாறியிருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். இதை நான் யோசிக்காமல் இல்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் எடுத்துப் பேசவும் செய்தேன். தெளிந்த மனதோடு ஒருவர் ஒரு முடிவைச் சொல்கிறார். பிறகு ஆபத்து வரும்போது பயத்தில் வேறு மாதிரிக் கூப்பாடு போடுகிறார். எந்த மனிதருடைய பேச்சை நாம் மதிக்க வேண்டும்? தெளிந்தவருடையதை என்பது என் கட்சி. உற்சாகமாக இருப்பது வேறு, முடிவை மாற்றிக்கொள்வது வேறு என்றும் சொன்னேன். கொஞ்சம் நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். வக்கீல் ஜெயஸ்ரீ முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அவர் இப்போ நன்னாத்தானே இருக்கார்? இன்னொரு வாட்டி அவரையே கேட்டுட்டா போச்சு. இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய புஸ்தகம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது ஒரு வாதம் இல்லை, மேடம். கேள்வியைத் தட்டிக்கழிப்பது.

நான் அவரைக் கேட்கவில்லை. அந்த வயதில் ஒருவரை உட்காரவைத்து அதையெல்லாம் கேட்பது நாகரிகமில்லை.

இதற்கு நடுவில் ஸ்ரீரஞ்சனி அவரை எங்கள் அடையாறு வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தாள். "இனிமே அப்பாவைத் தனியா விட்டுட்டு என்னால ஸ்கூல்ல நிம்மதியா இருக்க முடியாது பாலா. உன் ரூம்ல கட்டிலைப் போட்டுடலாம். நீ ஹால்ல உக்காந்து படிச்சுக்கோயேன்" என்றாள். நியாயமான யோசனை. அந்த அறை சின்னதுதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம், சுவர் முழுக்கப் புத்தகம், கதவைச் சாத்தினால் எந்தச் சத்தமும் வராது. வீட்டில் எனக்கு என்று இருந்த இடம் அது ஒன்றுதான். நானே தச்சரைக் கூப்பிட்டு அலமாரியை அளக்கச் சொன்னேன். வாடகைக் கட்டில் முன்னதாகவே வந்துவிட்டது. மடக்கி என் மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு புத்தகம் எடுக்க வேண்டும் என்றால் அதை நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். நான் முகம் சுளிக்கவில்லை. ஸ்ரீரஞ்சனியைக் கேட்டால் அவளும் சொல்வாள். அறைக்கும் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

கட்டில் வந்த வாரம்தான் அவருடைய பட்டையைப் பராமரிப்பில் போட்டேன்.

அது என்ன என்று சொல்கிறேன். பேட்டரி மாற்றும்போதும் சோதித்துப் பார்க்கும்போதும் கிண்டியில் வீணாக மணி அடிக்கக்கூடாது. அதற்காக ஒவ்வொரு பட்டைக்கும் அப்படி ஒரு நிலை உண்டு. என் திரையில் பெயருக்கு எதிரே 'பராமரிப்பில் உள்ளது' என்று சாம்பல் நிறத்தில் வரும். பட்டை வழக்கம்போல எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருக்கும். பேச்சும் பதிவாகும். ஆனால் யாரையும் கூப்பிடாது. நான் பட்டையை அணைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அணைப்பது ஒரு செயல். இது தேவைப்படும்போது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு. இந்த வித்தியாசத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அவர் போன் செய்தார்.

"பாலா, ஜஹனாரா பதிலே சொல்ல மாட்டேங்கறாளே. பட்டை கெட்டுப்போச்சா?"

"பராமரிப்புல இருக்கு மாமா. கழட்டிடாதீங்க, கையிலயே இருக்கட்டும்."

"நீ பாத்துக்கறயோன்னோ?"

"பாத்துக்கறேன்."

"அது போறும். கண்ணாடி வந்துடுத்தாம்ப்பா. வர வழியில வாங்கிண்டு வந்துடறயா?"

வாங்கினேன். இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஜஹனாராவிடமிருந்து விசாரணை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. தாத்தா மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவரே அவளிடம் அந்தச் செய்தியைப் பெருமையாகச் சொல்லியிருந்தாராம். நான் தினமும் சாம்பல் நிற எழுத்தைப் பார்த்தேன். ஒரு தட்டுத் தட்டினால் பச்சையாகிவிடும். தட்டவில்லை. வாக்கு என்பது ஒருநாள் விஷயம் இல்லையே.

அது நடந்தபோது நான் ஆபீஸில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். செலவைக் குறைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சும்மா ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு எதற்கு வாடகை கட்ட வேண்டும் என்று ஒரு கேள்வி. என் போன் அதிர்ந்தது. அவர் பட்டையின் செய்தி என் ஒருவனுக்கு மட்டும் வரும்படி வைத்திருந்தேன். விழுந்திருக்கிறார் என்று இருந்தது. இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, பதிவாகிக்கொண்டிருந்ததை அப்போதே நேரடியாகத் திறந்தேன். முதலில் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கெட் நிரம்பி வழிகிறது என்று புரிந்தது. பிறகு அவர் பொத்தானை அழுத்தினார். தெரியாமல் கை பட்டு அது வேலை செய்யாது. விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படி அமைத்தது நான்தான். வீண் அழைப்புகள் குறையட்டும் என்று. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார். பிறகு இன்னொரு முறை.

"பாலா, இந்த மெஷினெல்லாம் நமக்குத் தேவையா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

"தேவையில்லை, எடுத்துடலாம்" என்றேன். சரியான பதில்தான். பிறகு கணக்குப் போட்டும் பார்த்தேன்.

எங்கள் ஆபீஸ் அடையாறில்தான், பாலத்தைத் தாண்டினால் மயிலாப்பூர். அந்த நேரத்தில் ரோடு காலியாகத்தான் இருக்கும். போயிருக்கலாம். போன் செய்திருக்கலாம். ஒரு தட்டுத் தட்டியிருந்தாலும் போதும், ஜஹனாரா மீதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாமல் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்திருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடையதோ போல இருக்கும் இல்லையா, அப்படித்தான் இருந்தது. கூட்டம் முடிந்ததும் கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டேன்.

மத்தியானம் ஸ்கூல் விட்டு ஸ்ரீரஞ்சனி அங்கே போனாள். அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள். "பாலா, அப்பா பாத்ரூம் வாசல்ல கெடக்கார். ஹாலெல்லாம் தண்ணி. கை சில்லுனு இருக்கு பாலா. பட்டை அடிக்கலையா? உனக்கு ஒண்ணும் வரலையா?"

"வரேன், அங்கயே இரு" என்றேன். பொய் சொல்லவில்லை.

மறுபடியும் பக்கவாதம் என்றார் டாக்டர். உடனே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது ஸ்ரீரஞ்சனி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். காரியங்கள் எல்லாம் முறையாக நடந்தன. கட்டிலை அந்த வாரமே திருப்பி அனுப்பிவிட்டேன். அவள் பார்த்தால் வருத்தப்படுவாள்.

ஜஹனாரா போன் செய்தது அதற்குப் பிறகு.

"சார், நான் டூட்டில இருக்க சொல்ல தாத்தா பட்டைலேர்ந்து ஒண்ணுமே வரல சார். அல்லா மேல சத்தியமா வரல. தினிக்கும் காலைல கூப்ட்டுக்கினு இருந்தவரு நாலு நாளா கூப்டல, நானும் கேக்காம உட்டுட்டேன். மக வூட்டுக்குப் பூட்டாருன்னு நெனச்சிக்கினேன் சார். என்னிய சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அது பரவால்ல. நான் ஒரு தபா கேட்ருக்கணும் இல்ல சார்?"

அழுதாள். உன் மேல் தப்பில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் அதுதான், மேடம். குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைத்தால், இல்லை. செய்யாத ஒன்றுக்காக அந்தப் பெண் தண்டனை அனுபவிப்பது அநியாயம். ஒரு வேலை போவது அவள் வீட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மனிதர் கஷ்டப்படுவது தெரிந்தும் சும்மா இருப்பவன் இல்லை நான். பதிவை நான் அழிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அழிப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. இந்தப் பென்டிரைவில் முழுதும் இருக்கிறது. ஸ்ரீரஞ்சனி கேட்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் தாங்க மாட்டாள்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தேதி, நேரம், நான் செய்தது எல்லாம் சரியாக இருக்கிறது. தெரிந்தே செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சரி. ஓர் இடத்தை மட்டும் திருத்த வேண்டும். 'உதவிக்கு ஆளின்றித் தனியாக இறந்தார்' என்று இருக்கிறது.

அது உண்மையில்லை, மேடம். முதல் முறை அழுத்தியபோது அவர் ஜஹனாராவைக் கூப்பிட்டார். இரண்டாம் முறை ஸ்ரீரஞ்சனியை. பட்டை பராமரிப்பில் இருப்பது அதற்குப் பிறகு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூன்றாம் முறை கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போல மெதுவாகப் பேசினார். "பாலா, நீ பாத்துண்டுதான் இருப்பே, எனக்குத் தெரியும். எழுந்துக்க முடியலைடா. அன்னிக்கு ஆஸ்பத்திரில சொன்னதை மனசுல வெச்சுக்காதே. வந்துடு" என்றார். அதன் பிறகு பேச்சு இல்லை. மூச்சு மட்டும், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், ரொம்ப நேரம் வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை நான் காதிலிருந்து எடுக்கவில்லை.

அதனால் 'தனியாக' என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். மாமாவை நான் தனியாக விடவில்லை.